அம்மைப்பாலின் பின்தடம்



துறை சாராதவருக்கும் விளங்கும்படி ஓர் அறிவியல் செய்தியைத் தமிழில் பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் விதி. அந்த விதியை மதித்து, கலைச்சொற்களைக் கூடியவரை குறைத்துக்கொள்கிறேன். நான் எடுத்துக்கொண்ட பொருள், பிரேசில் நாட்டின் பால் பண்ணைகளில் மாட்டின் காம்புக்கும் கறப்பவரின் கைக்கும் இடையே பரவிவரும் ஓர் அம்மை வைரஸ். அது எங்கிருந்து வந்தது, காட்டு விலங்குகளுக்குள் எப்படிப் போனது, அந்தத் தடத்தை ஆய்வாளர்கள் எப்படிப் பிடித்தார்கள் என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன். தொலைவில் உள்ள நாடுதான். ஆனால் அந்த வைரஸின் இனம் நம்மில் பலருடைய உடம்பைத் தொட்டுச் சென்றிருக்கிறது.

இந்த அரங்கில் ஐம்பது வயதைக் கடந்தவர்களின் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கும். அந்தத் தழும்பை உண்டாக்கியது பெரியம்மை வைரஸ் அன்று. அதன் நெருங்கிய உறவான வக்சீனியா என்ற வைரஸ். உயிருள்ள வக்சீனியாவைத் தோலில் கீறி ஏற்றினார்கள். அது அங்கே பெருகி, கொப்புளமாகி, பழுத்து, பொருக்குத் தட்டி, உதிர்ந்து, வடுவை விட்டுச் சென்றது. உறவுக்கார வைரஸை ஒருமுறை எதிர்த்துப் பழகிய உடம்பு பெரியம்மையையும் எதிர்த்து நின்றது. 1980 மே 8 அன்று உலக சுகாதாரப் பேரவை பெரியம்மை உலகைவிட்டு ஒழிந்ததாக அறிவித்தது. மனித முயற்சியால் முற்றாக ஒழிக்கப்பட்ட மனித நோய் இன்றுவரை அது ஒன்றுதான். அம்மை குத்துவதும் அத்தோடு நாடு நாடாக நின்றது. அப்படியானால் கோடிக்கணக்கான கைகளில் ஏற்றப்பட்ட வக்சீனியா என்ன ஆயிற்று? பொருக்கோடு உதிர்ந்து மண்ணோடு மண்ணாயிற்று என்றுதான் உலகம் நம்பியது.

மேலே போகுமுன் ஒரு தெளிவு. சின்னம்மையும் தட்டம்மையும் பெயரில் அம்மை என்றாலும் இந்த வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. நம் மாடுகளைச் சில ஆண்டுகளுக்கு முன் வாட்டிய தோல் கழலை நோய் இந்தக் குடும்பம்தான். ஆனால் வேறு கிளை, மனிதரைத் தொற்றாது. இன்று நாம் பேசுவது பெரியம்மை, மாட்டம்மை, குரங்கம்மை, வக்சீனியா ஆகியவை சேர்ந்த ஆர்த்தோபாக்ஸ் என்ற ஒரு கிளையைப் பற்றி மட்டும்.

1999-ஆம் ஆண்டு. ரியோ டி ஜெனீரோ மாநிலத்தில் கான்டகாலோ என்ற ஊர்ப்புறம். பால் மாடுகளின் காம்பிலும் மடியிலும் புண் கண்டது. முதலில் சிவந்த தடிப்பு, பிறகு கொப்புளம், பிறகு பொருக்கு. பொருக்கு பிய்ந்தால் பச்சைப் புண். அந்தக் காம்பைப் பிடித்துக் கறந்தவர்களின் விரல்களிலும் உள்ளங்கையிலும் சில நாட்களில் அதே புண். காய்ச்சல், உடல்வலி, அக்குளில் நெறி கட்டுதல். வாரக்கணக்கில் கையை மடக்க முடியாது. கறவை வேலைக்குப் போக முடியாது. புண் வந்த காம்பைத் தொட்டால் மாடு உதைக்கும், கன்றை அண்ட விடாது. கறக்காமல் விட்டால் மடிநோய் வரும். ஊட்டிய கன்றின் வாயிலும் மூக்கிலும் புண் ஏறும். கறவைக்காரர் ஒருவரே இரண்டு மூன்று தொழுவங்களில் கறந்தால், அவர் கையே வைரஸை வீடு வீடாகக் கொண்டுபோகும்.

ரியோ டி ஜெனீரோ கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தின் கிளாரிசா டமாசோவும் அவருடைய குழுவினரும் அந்தப் புண்களிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குக் கான்டகாலோ வைரஸ் என்றே பெயரிட்டார்கள். அதன் மரபணுக்களில் ஒன்றை, வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றுக்கு உரியதை, எழுத்தெழுத்தாகப் படித்தபோது 18 எழுத்துகள் ஓரிடத்தில் விடுபட்டிருந்தன. வக்சீனியாவின் மற்ற வகைகள் பலவற்றில் அந்த 18 எழுத்துகள் உண்டு. எங்கே இல்லை என்று தேடினார்கள். ரியோவின் ஓஸ்வால்டோ குரூஸ் நிறுவனத்தில், பிரேசில் மக்களுக்குப் பெரியம்மைத் தடுப்பு மருந்து செய்யப் பயன்பட்ட ஐஓசி என்ற வக்சீனியா வகையிலும் அதே இடத்தில் அதே 18 எழுத்துகள் இல்லை. 2000-இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரை, கான்டகாலோ வைரஸ் பழைய தடுப்பு மருந்திலிருந்து வந்திருக்கக்கூடும் என்று தலைப்பிலேயே சொன்னது. பிரேசிலில் பெரியம்மையின் கடைசி நோயாளிகள் 1971-இல் கண்டறியப்பட்டவர்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மருந்தின் பிள்ளை மாட்டுத் தொழுவத்தில் கிடைத்தது.

இது நடக்கக்கூடியதா என்று நீங்கள் கேட்கலாம். நடக்கக்கூடியதுதான். அம்மை குத்திய இடம் ஆறும்வரை, அதாவது பொருக்கு விழும் வரையில், அங்கே உயிருள்ள வைரஸ் இருக்கும். குத்திக்கொண்டவர் அந்த இடத்தைச் சொறிந்த கையோடு மாட்டைக் கறந்தால் போதும். 1960-களில் எல் சால்வடோர் நாட்டில் வக்சீனியா மனிதரிடமும் மாடுகளிடமும் ஒருசேரப் பரவியதை அன்றைய மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அப்போதெல்லாம் அது கடந்துபோகும் சிறு விபத்தாகவே பார்க்கப்பட்டது. பெரியம்மை ஆளைக் கொல்லும் நோய்; மாட்டுக் காம்பில் நாலு கொப்புளம் பெரிய கவலையாகத் தோன்றியிருக்காது. அன்று அந்த வேலையைச் செய்தவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்தத் தடுப்பு மருந்தின் வேரைப் பார்ப்போம். எட்வர்ட் ஜென்னர் 1796 மே 14 அன்று, பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கைப்புண்ணிலிருந்து எடுத்த நீரை ஒரு சிறுவனின் கையில் ஏற்றியது பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது. மாட்டுக்கே அந்த நோய் குதிரையிலிருந்து வந்தது என்று ஜென்னர் கருதியதைப் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அதன்பின் நூறாண்டுக்கு மேல், அம்மைப்பால் எனப்படும் அந்தப் புண்ணீர் கையிலிருந்து கைக்கும், பிறகு கன்றிலிருந்து கன்றுக்கும் மாற்றி மாற்றி வளர்க்கப்பட்டது. எந்த ஊர் மாட்டிலிருந்து, எந்தக் குதிரையிலிருந்து எடுத்த பால் எங்கே எதனோடு கலந்தது என்ற கணக்கை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. 1939-இல் ஆலன் டௌனி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், தடுப்பு மருந்தில் இருப்பதும் மாட்டில் இயற்கையாக வரும் மாட்டம்மை வைரஸும் ஒன்றல்ல என்று காட்டினார். உலகமே மாட்டம்மை என்று நம்பி ஏற்றிக்கொண்டது வேறொன்று.

பிரேசிலுக்கு அந்த மருந்து போன வழி ஓரளவு தெரியும். 1866-இல் பிரான்சின் போஜான்சி என்ற ஊரில் மாடுகளில் கண்ட அம்மையிலிருந்து எடுத்த பால், பாரிஸில் கன்றுகளின் வழியே தொடர்ந்து வளர்க்கப்பட்டது. கன்றில் வளர்த்த அம்மைப்பாலை 1887-இல் ரியோவுக்குக் கொண்டுவந்தவர் பெத்ரோ அஃபோன்சோ பிரபு. அந்த வழியில் வந்த மருந்தின் ஐஓசி வகையினுடைய முழு மரபணுத் தொகுதியைப் படித்து 2015-இல் வெளியிட்டபோது, அதுவும் கான்டகாலோ வைரஸும் ஒரே கொத்தாக அமர்ந்தன. அவற்றின் பக்கத்தில் அமர்ந்தது குதிரையம்மை வைரஸ். பிறகு 2017-இல், பிலடெல்பியாவின் மல்ஃபோர்ட் நிறுவனம் 1902-இல் செய்த பழைய தடுப்பு மருந்தைக் கிடங்கிலிருந்து எடுத்துப் படித்தார்கள். அதன் மையப் பகுதி குதிரையம்மையோடு 99.7 விழுக்காடு ஒத்திருந்தது. ஜென்னரின் குதிரை ஐயம் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் விவாதத்துக்கு வந்திருக்கிறது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நேர்த்தியாக இருக்கும். முடியவில்லை. அதே 1999-இல் சாவோ பாவ்லோ மாநிலத்தின் அரசத்துபாவில் ஒரு வைரஸ் கிடைத்தது. 2001-இல் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் குவரானி என்ற ஊர்ப்புறத்தில், ஒரே நோய்ப்பரவலின்போது இரண்டு வகை வைரஸ்கள் கிடைத்தன. ஒன்றில் அந்த 18 எழுத்துகள் இல்லை, மற்றதில் இருந்தன. எலியில் செலுத்திப் பார்த்தபோது முதல்வகை சாதுவாக இருந்தது. இரண்டாம் வகை எலியைக் கொன்றது. இன்று பிரேசிலின் வக்சீனியாக்களை இரண்டு கூட்டங்களாகப் பிரிக்கிறார்கள். முதல் கூட்டம் ஐஓசி மருந்தின் வழிவந்தது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. இரண்டாம் கூட்டத்தை அந்த மருந்தின் தலையில் கட்ட முடியாது. அது வேறொரு பழைய அம்மைப்பாலிலிருந்து, வேறொரு காலத்தில், வேறொரு கையிலிருந்து தப்பியதாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. தடுப்பு மருந்தையே சாராமல் கால்நடைகளோடு கப்பலேறி வந்திருக்கலாம் என்பது இன்னொன்று.

இன்னும் பின்னால் போனால் 1963-ஆம் ஆண்டு நிற்கிறது. அமேசான் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய பெலெம் நகரத்தின் காட்டில் ஒரு காட்டெலியிலிருந்து ஒரு வைரஸை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். அன்று அது எந்த இனம் என்று துணிந்து சொல்ல வழியில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து மரபணுவைப் படித்தபோது அது வக்சீனியா. அம்மை குத்தும் இயக்கம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அது காட்டெலியின் உடம்பில் இருந்திருக்கிறது. இந்த ஒரு மாதிரியை அன்று எவரோ தூக்கி எறியாமல் வைத்ததால்தான் இன்று நமக்கு இந்தச் செய்தி தெரிகிறது. ஆய்வகத்தின் பழைய குளிர்பெட்டியைக் காலிசெய்யத் துடிக்கும் நிர்வாகிகளுக்கு இதை நான் எப்போதும் சொல்வதுண்டு.

தடம் பிடிப்பதில் உள்ள சிக்கலை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். ஒரு விலங்குக்கோ மனிதருக்கோ முன்பு நோய் வந்துபோனதா என்று அறிய இரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தைத் தேடுவது வழக்கம். ஆர்த்தோபாக்ஸ் கிளையில் இந்த வழி பாதிவரைதான் கொண்டுபோகும். ஒன்றுக்கு உண்டான எதிர்ப்புப் புரதம் மற்றதையும் பிடிக்கும். ஜென்னரின் வெற்றிக்கே அதுதான் காரணம். குரங்கம்மையிலிருந்து பழைய பெரியம்மைத் தடுப்பூசி சுமார் 85 விழுக்காடு காப்பளித்ததாக 1980-களில் ஜயர் நாட்டில், இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில், கணக்கிட்டதும் இந்தப் பண்பினால்தான். உயிரைக் காக்கும் அதே பண்பு துப்பறிபவரின் கண்ணைக் கட்டிவிடுகிறது. ஒரு குரங்கின் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருந்தால், இந்தக் கிளையில் ஏதோ ஒன்று அதைத் தொட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். எது என்று சொல்ல முடியாது. மனிதரிடம் இன்னும் கடினம். அறுபது வயதுக் கறவைக்காரரின் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருந்தால், அது சிறுவயதில் குத்திய அம்மையாலா, போன மாதம் மாட்டிலிருந்து வந்த புண்ணாலா? அதனால்தான் அம்மை குத்துவது நின்றபின் பிறந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்க்கிறார்கள். அவர்களிடம் கண்டால் அது பண்ணையிலிருந்தோ காட்டிலிருந்தோ வந்ததுதான்.

ஆகவே வைரஸின் மரபணுத் துணுக்காவது கையில் கிடைக்க வேண்டும். அமேசான் பகுதியில் 344 காட்டு விலங்குகளின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. 84 மாதிரிகளில் எதிர்ப்புப் புரதம் இருந்தது. இவற்றில் குரங்குகள் ஆறின் மாதிரிகளிலிருந்து எடுத்த மரபணுத் துணுக்குகளைப் படிக்க முடிந்தது. அவை பால் பண்ணைகளில் பரவிய வக்சீனியாவை ஒத்திருந்தன. 84-க்கும் 6-க்கும் இடையே உள்ள தொலைவைப் பாருங்கள். 84 என்பது ஐயம். 6 என்பது சான்று. செய்தித்தாள்களில் பெரும்பாலும் பெரிய எண்தான் தலைப்பாகிறது. ஆய்வை எடைபோட நான் முதலில் தேடுவது சிறிய எண்ணை.

மரத்தின் உச்சியில் வாழும் குரங்குக்கும் தொழுவத்து மாட்டுக்கும் என்ன தொடர்பு? நடுவில் யாராவது இருக்க வேண்டும். மினாஸ் ஜெராய்ஸ் கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தின் ஜோனத்தாஸ் அப்ராவோவும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. நோய்ப்பரவல் நடந்த மரியானா பகுதிப் பண்ணையில் அவர்கள் பிடித்த சுண்டெலியில் வக்சீனியா கிடைத்தது. அதே இடத்தில் மாட்டுக்கும் மனிதருக்கும் புண்ணை உண்டாக்கிய வைரஸும் அதுவே என்று மரபணுவும் மற்றச் சோதனைகளும் காட்டின. நாம் வீட்டில் அன்றாடம் விரட்டும் அதே சுண்டெலிதான். ஆய்வகத்தில், தொற்றிய எலியின் புழுக்கையில் வைரஸ் வெளியேறுவதும், அந்தப் புழுக்கையில் பல நாட்கள் உயிரோடு இருப்பதும் தெரியவந்தது. தீவன மூட்டையில் எலி புழுக்கை போடாத பண்ணை உலகில் உண்டா? தொற்றிய மாட்டின் சாணத்திலும் வைரஸ் இருந்தது. சாணம் மேய்ச்சல் நிலத்துக்குப் போகிறது. அங்கே காட்டெலி வருகிறது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே காட்டப்பட்டிருக்கிறது. முழுச் சங்கிலியும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நடந்ததைக் காட்டுவது அடுத்த தலைமுறையின் வேலை.

பிறகு தேடத் தேடக் கிடைத்துக்கொண்டே இருந்தது. ஆற்றங்கரையில் கூட்டமாக மேயும் பெருங்கொறிணியான கப்பிபாரா, பெலோ ஒரிசோன்டே நகரப் பூங்காவின் கோவாட்டி என்ற காட்டுவிலங்கு, வீட்டுப் பூனை, தென்மாநிலத்தில் குதிரை என்று பட்டியல் நீண்டது. குதிரைகளில் அது கிடைத்தது எனக்கு மிகவும் ஆர்வமூட்டுகிறது. குதிரையிலிருந்து புறப்பட்டதாகக் கருதப்படும் ஒன்று, மாட்டையும் மனிதரையும் மருந்துச் சாலையையும் கடந்து மறுபடி குதிரையிடம் வந்திருக்கிறது.

இங்கே என் கருத்தை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். வனவிலங்கில் வைரஸ் கிடைத்தது என்றவுடன், காட்டிலிருந்து நோய் வந்தது என்று எழுதிவிடுகிறோம். வௌவால், குரங்கு, எலி என்று ஒன்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். குரங்கம்மையின் பெயரே அப்படி வைத்ததுதான். 1958-இல் கோபன்ஹேகன் ஆய்வகத்தில் கூண்டிலிருந்த குரங்குகளில் முதலில் பார்த்ததால் குரங்கின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆப்பிரிக்கக் காடுகளில் அந்த வைரஸைச் சுமப்பவை சிறு கொறிணிகள் என்பதற்கே சான்றுகள் கூடிவருகின்றன. பிரேசில் வக்சீனியாவின் முதல் கூட்டத்தில் திசையே தலைகீழ். மருந்துப் புட்டியிலிருந்து மனிதனின் கைக்கு, கையிலிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து காட்டுக்கு. குரங்குக்கு அதைக் கொடுத்தவர்கள் நாம். காட்டை அழித்தாலோ எலியைக் கொன்று குவித்தாலோ தீரும் என்று நினைப்பவர்கள் இந்தத் திசையை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அமேசான் உட்பகுதியில் உள்ள ரொண்டோனியா மாநிலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காடு வெட்டி மேய்ச்சல் நிலமாக்கிய மாநிலம் அது. அங்கே கான்டகாலோ வைரஸ் தலைகாட்டியபோது காட்டிலிருந்து வந்ததா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்திருக்கும். 2008 முதல் 2010 வரை நடந்த நோய்ப்பரவல்களை மரபணுச் சோதனையோடு களவிசாரணையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். மாநிலத்துக்குள் வைரஸ் பரவியதற்குப் பெருங்காரணம் கால்நடைகளை இடம் மாற்றியது என்று முடிவு வந்தது. விற்ற மாடு, வாங்கிய மாடு, லாரியில் ஏற்றிய மாடு. அந்தத் தடம் அரசாங்கத்தின் கால்நடைப் போக்குவரத்துச் சீட்டுகளிலும் வியாபாரியின் நினைவிலும் இருந்தது. மரபணு சொல்லாததைச் சந்தை சொல்லும்.

நம் நாட்டுக்கு வருகிறேன். இந்த உறவு வலிந்து இழுத்ததன்று. 1934-இல், பிரிவினைக்கு முந்தைய லாகூரில், எருமை அம்மை விவரிக்கப்பட்டது. 1967-இல் ஹரியானாவின் ஹிசாரில் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். மகாராஷ்டிரத்தில் 1980-களின் நடுவில் பரவியபோது கறவைக்காரர்களின் கைகளிலும் புண் வந்தது. 1996-இல் விஜயவாடாவில் எடுத்த மாதிரி இன்றும் ஆய்வுகளில் பேசப்படுகிறது. மரபணுவின்படி எருமை அம்மையும் வக்சீனியா இனத்துக்குள் அடங்குவதே. பிரேசிலில் மாடு, இங்கே எருமை. அங்கும் இங்கும் பல தலைமுறைகளாக அம்மை குத்தியிருக்கிறார்கள். சென்னை கிண்டியில் 1899-இல் தொடங்கிய கிங் நிலையம் சென்னை மாகாணத்துக்கே அம்மைப்பால் தயாரித்து அனுப்பிய இடம். கன்றின் வயிற்றை மழித்து, தோலைக் கீறி, அம்மைப்பாலைத் தேய்த்து, சில நாட்களில் எழும்பும் கொப்புளங்களைச் சுரண்டி, கிளிசரினில் அரைத்து எடுப்பார்கள். இந்தியாவில் எருமைக் கன்றுகளும் இதற்குப் பயன்பட்டன. எருமை அம்மை எந்த அம்மைப்பாலின் வழிவந்தது என்று துல்லியமாகக் காட்ட, பிரேசிலில் கிடைத்த 18 எழுத்து போன்ற ஒரு துப்பு இங்கே இன்னும் கைக்கு வரவில்லை. பழைய மருந்துக் குப்பிகள் எங்காவது மிஞ்சியிருந்தால் அவற்றுக்குள் விடை இருக்கலாம்.

லேசான நோய்தானே என்பவர்களுக்குக் கராச்சியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2004-க்கும் 2005-க்கும் இடையே ஐந்து மாத காலத்தில், அந்த நகரத்தின் ஐந்து தீக்காயச் சிகிச்சைப் பிரிவுகளில் எருமை அம்மை பரவியது. தோல் வெந்து கிடந்தவர்களின் புண்ணில் வைரஸ் ஏறியது. நோயாளிகளை ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோது அதுவும் உடன் போனது. கட்டுப்படுத்திய பின்னும், வெளியிலேயே தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்த புதிய நோயாளிகளால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடர்ந்தது. தீப்பட்ட இடத்தில் முதலுதவியாக எருமைக் கொழுப்பைத் தடவும் வழக்கம் ஒரு வாயிலாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஐயுற்றார்கள். நலமான கறவைக்காரர் ஒரு மாதம் அவதிப்பட்டு மீளும் நோய், தோலின் காவலை இழந்தவரிடம் வேறு முகம் காட்டுகிறது. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடமும், கரப்பான் போன்ற தோல்நோய் உள்ளவர்களிடமும் வக்சீனியா ஆபத்தானது என்பது அம்மை குத்திய காலத்திலிருந்தே மருத்துவர்கள் அறிந்தது.

எனவேதான் குரங்கம்மைக்காக இன்று பல நாடுகளில் போடப்படும் தடுப்பூசியின் தன்மையைச் சொல்கிறேன். வக்சீனியாவைக் கோழிக்கருவின் உயிரணுக்களில் 500 தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்து, மனித உடம்பில் பெருகும் ஆற்றலை இழக்கச் செய்தது அது. ஆகவே கொப்புளம் எழாது, பொருக்கு உதிராது, மாட்டுக்குத் தாவாது. பழைய வகையில் செய்த, பெருகும் வைரஸ் கொண்ட தடுப்பூசிகளும் சில நாடுகளின் கையிருப்பில் இருக்கின்றன. அவற்றை எடுக்க நேருமானால், குத்திக்கொண்டவர் பால் கறப்பவரா என்று கேட்க வேண்டும் என்பது பிரேசில் நமக்குக் கொடுத்த பாடம்.

கடைசியாகக் கறவைக்காரரைப் பற்றி. இந்த நோயை முதலில் அறிபவர் அவர். மரபணு படிக்கும் எந்திரத்துக்கு முன்பே அவர் விரலுக்குத் தெரியும். ஆனால் அவரிடம் கடைசியாகத்தான் கேட்கிறோம். காரணங்கள் வெளிப்படை. புண் என்று சொன்னால் வேலை போகும். கோமாரி என்று ஐயம் எழுந்தால் பண்ணையே முடங்கும், பாலை யாரும் வாங்க மாட்டார்கள்; அதனால் மாட்டுக்காரரும் வாய் திறப்பதில்லை. கால்நடை மருத்துவர் வந்தால் மாட்டைப் பார்க்கிறார். அவருக்கு மனிதரின் கையைப் பார்க்க அதிகாரமில்லை. கறவைக்காரர் மருத்துவமனைக்குப் போனால் அங்கே சீழ்ப்புண் என்று மாத்திரை தருகிறார்கள். மாட்டுக் காம்பில் புண் உண்டா என்ற கேள்வி வருவதில்லை. பிரேசிலில் ஒரு குடும்பத்துக்குள்ளேயே, மாட்டைத் தொடாதவருக்கும் வைரஸ் தொற்றிய நிகழ்வு பதிவாகியிருக்கிறது. வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் கணக்கில் வர வேண்டும் என்பதற்கு அது போதிய காரணம். தொற்றிய மாட்டின் பாலிலும் வைரஸ் இருந்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பாலைக் காய்ச்சிக் குடிக்கும் நம் வழக்கம் காப்பளிக்கிறது. கறந்த சூட்டோடு குடிப்பதை விட்டுவிட வேண்டும்.

செய்ய வேண்டியவை செலவு மிகுந்தவையல்ல. புண் வந்த காம்பைக் கடைசியில் கறப்பது, மாட்டுக்கு மாடு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, புண் வந்தவருக்கு ஆறும்வரை கூலியோடு ஓய்வு கொடுப்பது. கூலியைச் சேர்த்துச் சொல்கிறேன். அது இல்லாமல் மற்ற இரண்டும் நடக்காது. ஆய்வுக்கு வேண்டியது இன்னும் எளிது. இந்த வைரஸ் உலர்ந்த பொருக்கில் நெடுநாள் தாங்கும். குளிர்பெட்டி இல்லாத கிராமத்திலிருந்துகூட உதிர்ந்த பொருக்கை மூடியுள்ள சிறு குப்பியில் இட்டு, தேதியும் ஊரும் எழுதி அனுப்பலாம். மரியானாவில் செய்தது போல மாடு, மனிதர், எலி மூன்றின் மாதிரியும் ஒரே தொழுவத்திலிருந்து ஒரே வாரத்தில் வர வேண்டும். அதற்குக் கால்நடை மருந்தகமும் ஆரம்ப சுகாதார நிலையமும் ஒரே படிவத்தைப் பயன்படுத்தினால் போதும். அந்தப் படிவத்தில் நான் கேட்கும் கேள்விகள் நான்கு: கடந்த ஒரு மாதத்தில் தொழுவத்துக்குப் புதிதாக வந்த மாடு எது, எந்தச் சந்தையிலிருந்து வந்தது, கறப்பவர் வேறு எந்தத் தொழுவங்களில் கறக்கிறார், தீவனம் இருக்கும் இடத்தில் எலி நடமாட்டம் உண்டா. இங்கே அமர்ந்திருக்கும் கால்நடை மருத்துவ மாணவர்களும் மருத்துவ மாணவர்களும் சேர்ந்து, அடுத்த கோடை விடுமுறையில் ஒரு வட்டாரத்தில் இதைச் செய்துபார்க்க முன்வந்தால், படிவத்தை வரைந்து தருவதும் மாதிரிகளை உரிய ஆய்வகத்துக்குச் சேர்ப்பதும் என் பொறுப்பு.